எண்ணப்படும், ஆனால் எவரால்? 1876ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலும் இருபது வாக்குகளும்

அமெரிக்க அரசியலமைப்பின் 12ஆம் திருத்தத்தில், அதிபர் தேர்தலின் இறுதிக் கட்டத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் உள்ளது. மாநிலங்களிலிருந்து வந்த சான்றிதழ்கள் அனைத்தையும் செனட் சபையின் தலைவர், இரு சபைகளின் முன்னிலையில் திறப்பார். அதன் பின்னர் வாக்குகள் எண்ணப்படும். திறப்பவர் யார் என்பது தெளிவு. எண்ணுபவர் யார் என்று வாக்கியம் சொல்லவில்லை. முற்பாதி செய்வினை, பிற்பாதி செயப்பாட்டு வினை. எழுவாய் மறைந்துபோன இந்த இடத்தில்தான் 1876-77 குளிர்காலத்தில் ஒரு நாடு நான்கு மாதங்கள் சிக்கித் தவித்தது.

நெருக்கமான தேர்தல்களில் மட்டுமே இந்த அமைப்பின் உட்புறம் வெளியே தெரிகிறது. நவம்பரில் மக்கள் வாக்களிப்பது அதிபருக்கு அன்று, தேர்வாளர்களுக்கு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களின் எண்ணிக்கையுடன் இரண்டு செனட்டர்களையும் சேர்த்தால் வரும் எண்ணே அதன் தேர்வாளர் எண்ணிக்கை. தேர்வாளர்கள் அனைவரும் ஓரிடத்தில் கூடுவதில்லை. ஒரே நாளில், தத்தம் மாநிலத்தில் கூடி வாக்களித்துச் சான்றிதழைத் தலைநகருக்கு அனுப்புகிறார்கள். ஆகவே நாடு தழுவிய ஒரு வாக்கு எண்ணிக்கை என்பதே சட்டத்தின் பார்வையில் இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படி, தன் அலுவலர்களைக் கொண்டு, தன் நீதிமன்றங்களின் மேற்பார்வையில் எண்ணி முடிக்கிறது. ஒரு மாநிலத்திலிருந்து இரண்டு சான்றிதழ்கள் வந்தால் என்ன செய்வது? அரசியலமைப்பை வகுத்தவர்கள் இதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இந்தியாவில் குடியரசுத் தலைவர் தேர்தல் தொடர்பான ஐயங்களையும் தகராறுகளையும் உச்ச நீதிமன்றமே முடிவு செய்யும் என்று 71ஆம் உறுப்பு நேரடியாகச் சொல்கிறது. அமெரிக்க ஆவணத்தில் அதற்கு இணையான ஒரு வரி கிடையாது.

1876 நவம்பர் 7 அன்று தகுதி பெற்ற வாக்காளர்களில் ஏறத்தாழ 82 விழுக்காட்டினர் வாக்களித்தனர். அமெரிக்க அதிபர் தேர்தல் வரலாற்றில் இதுவே மிக உயர்ந்த பங்கேற்பு. ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டன் நியூயார்க் ஆளுநர். குடியரசுக் கட்சியின் ரதர்ஃபோர்டு ஹேய்ஸ் ஒஹையோ ஆளுநர். மக்கள் வாக்கில் டில்டன் சுமார் இரண்டரை லட்சம் முன்னிலை பெற்று, பாதிக்கும் மேலான வாக்குகளைக் கைப்பற்றினார். மொத்தத் தேர்வாளர்கள் 369. பெரும்பான்மைக்கு 185 தேவை. தகராறு இல்லாதவை டில்டனுக்கு 184, ஹேய்ஸுக்கு 165. எஞ்சிய 20இல் ஃபுளோரிடாவுக்கு 4, லூயிசியானாவுக்கு 8, தென் கரோலினாவுக்கு 7, ஓரிகனில் ஒன்று. டில்டனுக்கு இருபதில் ஒன்று போதும். ஹேய்ஸுக்கு இருபதும் வேண்டும். ஆயினும் தேர்தலுக்கு மறுநாளே, ஹேய்ஸுக்கு 185 கிடைத்துவிட்டது, அவரே வென்றார் என்று குடியரசுக் கட்சியின் தேசியத் தலைவர் சக்கரியா சாண்ட்லர் அறிவித்துவிட்டார். (அவருடைய 165இல் மூன்று, அந்த ஆகஸ்டில்தான் மாநிலமான கொலராடோவுடையவை. அங்கு மக்கள் வாக்கெடுப்பே நடக்கவில்லை. சட்டமன்றம் தேர்வாளர்களை நியமித்தது. அரசியலமைப்பு அதற்கும் இடம் தருகிறது.)

தெற்கின் மூன்று மாநிலங்களில் நடந்ததை வெறும் எண்ணிக்கைத் தகராறாகப் படிப்பது பெரும் பிழை. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் காலத்தில் அமைந்த குடியரசுக் கட்சி அரசுகள் அப்போது எஞ்சியிருந்தவை இந்த மூன்றில் மட்டுமே. கறுப்பின ஆண்களின் வாக்குரிமைதான் அவற்றின் அடித்தளம். அந்த அடித்தளத்தைத் தகர்க்கத் துப்பாக்கி பயன்பட்டது. தென் கரோலினாவின் ஹாம்பர்க் என்னும் சிற்றூரில் 1876 ஜூலையில், வெள்ளையர் படைக்குழுவொன்று கறுப்பினக் குடிப்படையினரைத் தாக்கியது. பிடிபட்டவர்களில் சிலரைத் தனியே அழைத்துக் கொன்றது. செஞ்சட்டைக்காரர்கள் என்று அறியப்பட்ட ஆயுதமேந்திய குழுக்கள் குடியரசுக் கட்சிக் கூட்டங்களுக்குள் குதிரைகளில் புகுந்தன. அதே மாநிலத்தின் எட்ஜ்ஃபீல்டு மாவட்டத்தில் பதிவான வாக்குகள், தகுதியுள்ள வாக்காளர்களின் எண்ணிக்கையையே மிஞ்சின.

மறுபுறம், வாக்குகளைச் சரிபார்க்கும் மாநில வாரியங்கள் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தன. லூயிசியானாவில் வாரியத்தில் இரு கட்சியினரும் இடம்பெற வேண்டும் என்பது சட்டம். ஜனநாயகக் கட்சி உறுப்பினரின் இடம் காலியாகவே விடப்பட்டது. அச்சுறுத்தல் நடந்த இடங்களின் வாக்குகளை நீக்கும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு; அதைப் பயன்படுத்தி அது நீக்கிய சுமார் 15,000 வாக்குகளில் 13,000க்கும் மேற்பட்டவை டில்டனுடையவை. ஆயிரக்கணக்கில் பின்தங்கியிருந்த ஹேய்ஸ் முன்னிலைக்கு வந்தார். தென் கரோலினாவிலும் ஃபுளோரிடாவிலும் அவருக்குக் கிடைத்த முன்னிலை ஆயிரத்துக்கும் குறைவு. வன்முறையின்றி நடந்திருந்தால் இம்மாநிலங்களில் யார் வென்றிருப்பார்? கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த தென் கரோலினாவில் விடை ஓரளவு எளிது. மற்ற இரண்டில் அவ்வளவு எளிதன்று. ஒரு தரப்பு வாக்காளர்களைச் சாவடிக்கு வரவிடாமல் தடுத்தது. மறுதரப்பு வந்த வாக்குகளை ஏட்டிலிருந்து அடித்தது. இரண்டையும் சமமான முறைகேடுகள் என்று பல பாடநூல்கள் ஒரே மூச்சில் எழுதுவது ஏற்கத்தக்கதன்று. முதலாவது நடந்திராவிட்டால் இரண்டாவதற்குச் சட்டச் சாக்கே கிடைத்திராது.

ஓரிகன் கதை வேறு வகை. அங்கு ஹேய்ஸ் வென்றதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய மூன்று தேர்வாளர்களில் ஒருவரான ஜான் வாட்ஸ் ஓர் அஞ்சல் அலுவலர். கூட்டாட்சி அரசின் பதவியில் இருப்பவர் தேர்வாளராக முடியாது என்பது அரசியலமைப்பு விதி. ஜனநாயகக் கட்சி ஆளுநர் லஃபாயெட் குரோவர் அவரைத் தள்ளிவிட்டு, தோற்ற கட்சியின் ஒருவருக்குச் சான்று வழங்கினார். தெற்கில் ஒரு வாக்குகூட மாறாவிட்டாலும், ஓர் அஞ்சல் நிலையத்தின் பெயரால் டில்டன் அதிபராகியிருக்கக்கூடும்.

டிசம்பர் 6 அன்று நான்கு மாநிலங்களிலும் இரு தரப்புத் தேர்வாளர்களும் தனித்தனியே கூடி வாக்களித்து, தனித்தனிச் சான்றிதழ்களை அனுப்பினர். இப்போது அந்த எழுவாயில்லா வாக்கியம் உயிர்பெற்றது. துணை அதிபர் ஹென்றி வில்சன் 1875இல் இறந்துவிட்டதால், செனட்டின் தற்காலிகத் தலைவர் தாமஸ் ஃபெர்ரியே சான்றிதழ்களைத் திறக்க வேண்டியவர். அவர் குடியரசுக் கட்சிக்காரர். அவரே எண்ணுவார் என்றால் ஹேய்ஸ் அதிபர். இரு சபைகளும் சேர்ந்தே எண்ண வேண்டும் என்றால், ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மை கொண்ட பிரதிநிதிகள் சபை அந்த வாக்குகளை ஏற்காது. யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்று அறிவித்துத் தானே டில்டனைத் தேர்ந்தெடுத்துவிடும். எந்த ஒரு சபையும் ஒரு மாநிலத்தின் வாக்குகளை நிராகரிக்கலாம் என்று 1865 முதல் நடைமுறையில் இருந்த கூட்டு விதியை, செனட் அதே 1876இன் தொடக்கத்தில் கைவிட்டிருந்தது. இலக்கண விளக்கம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிபர் இருந்தார்.

1877 ஜனவரி 29 அன்று சட்டமான தீர்வு விந்தையானது. ஐந்து செனட்டர்கள், ஐந்து பிரதிநிதிகள், ஐந்து உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கொண்ட தேர்தல் ஆணையம். அதன் முடிவை இரு சபைகளும் ஒருசேர மறுத்தாலன்றி அதுவே செல்லும். அரசியல்வாதிகளும் முதல் நான்கு நீதிபதிகளும் கட்சிவாரியாகச் சரிபாதி. ஐந்தாவது நீதிபதியாக, கட்சிச் சார்பற்றவர் என்று கருதப்பட்ட டேவிட் டேவிஸ் வருவார் என்பது அனைவரின் எதிர்பார்ப்பு. மசோதா நிறைவேறிக்கொண்டிருந்த அதே நாட்களில், இல்லினாய் சட்டமன்றம் ஜனநாயகக் கட்சியினரின் ஆதரவுடன் அவரை செனட்டராகத் தேர்ந்தெடுத்தது. அவர் ஆணையத்தில் அமர மறுத்துவிட்டார். எஞ்சிய நீதிபதிகள் அனைவரும் குடியரசுக் கட்சிச் சார்பினர். ஜோசப் பிராட்லி தேர்வானார். முடிவெடுத்த வாக்கெடுப்புகள் எல்லாம் எட்டுக்கு ஏழு என்றே முடிந்தன. பிராட்லி ஓர் இரவில் மனம் மாற்றப்பட்டார் என்ற குற்றச்சாட்டு அவரைக் கடைசிவரை தொடர்ந்தது. அவர் அதை மறுத்தார். லூயிசியானா எண்ணிக்கையைப் பார்வையிடக் கட்சி சார்பில் சென்றுவந்த ஜேம்ஸ் கார்ஃபீல்டும் இந்த ஆணையத்தில் நடுவராக அமர்ந்தார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அதன் இயல்பு விளங்கும்.

ஆணையம் சொன்ன காரணமும் கவனத்துக்குரியது. மாநிலம் முறைப்படி உறுதிசெய்த முடிவின் பின்னால் சென்று, உண்மையில் வாக்குகள் எப்படி விழுந்தன என்று ஆராயும் அதிகாரம் கூட்டாட்சி அரசுக்கு இல்லை என்றது. மாநில உரிமை என்ற கோட்பாட்டைக் கால் நூற்றாண்டாக முழங்கிய தெற்கத்திய ஜனநாயகக் கட்சியினர் இப்போது மத்திய விசாரணை வேண்டும் என்றனர். கூட்டாட்சி அதிகாரத்தை வலியுறுத்தி வந்த குடியரசுக் கட்சியினர் மாநிலச் சான்றிதழே இறுதி என்றனர். கோட்பாடுகள் இவ்வளவு விரைவாக இடம் மாறிக்கொண்ட வேறொரு தருணத்தை அமெரிக்க வரலாற்றில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

பிரதிநிதிகள் சபையில் ஒரு பிரிவினர் ஒத்திவைப்புத் தீர்மானங்களால் காலத்தைக் கடத்தப் பார்த்தனர். சபாநாயகர் சாமுவேல் ராண்டல், தாமே ஜனநாயகக் கட்சிக்காரர் என்றபோதும், இறுதியில் அவற்றை ஏற்க மறுத்தார். மார்ச் 2 அதிகாலை நான்கு மணியளவில் எண்ணிக்கை முடிந்தது: 185க்கு 184. மார்ச் 4 ஞாயிற்றுக்கிழமை. ஹேய்ஸ் முன்னெச்சரிக்கையாக 3ஆம் தேதி இரவே வெள்ளை மாளிகையில் கமுக்கமாகப் பதவியேற்று, 5ஆம் தேதி மக்கள் முன் மீண்டும் உறுதிமொழி எடுத்தார்.

இதற்கிடையே பிப்ரவரி 26 அன்று வாஷிங்டனின் வோர்ம்லி விடுதியில் இரு கட்சித் தூதர்கள் சந்தித்தனர். கூட்டாட்சிப் படைகள் தெற்கத்திய அரசு மாளிகைகளிலிருந்து விலகும். எண்ணிக்கை தடையின்றி முடியும். கறுப்பின மக்களின் பாதுகாப்பு கைமாறிய அந்த விடுதியின் உரிமையாளர் ஜேம்ஸ் வோர்ம்லி ஒரு கறுப்பினத்தவர். இந்த உடன்பாட்டின் எடை பற்றி வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1951இல் வான் வுட்வர்டு, ரயில்பாதை மானியம் உள்ளிட்ட பொருளாதார நலன்களே பேரத்தின் உயிர்நாடி என்று வாதிட்டார். 1973இல் ஆலன் பெஸ்கின், அப்படி ஒரு பேரம் உண்மையில் நடந்ததா என்றே வினவினார். படைகளைத் தாங்கிப்பிடிக்கும் மனநிலை வடக்கில் ஏற்கெனவே தேய்ந்துவிட்டிருந்தது. அதிபர் கிராண்ட்டும் கைவிடும் நிலைக்கு வந்திருந்தார். பேரம் நடந்ததோ இல்லையோ, 1877 ஏப்ரலில் தென் கரோலினாவிலும் லூயிசியானாவிலும் படைகள் முகாம்களுக்குத் திரும்பின. அவ்விரு அரசுகளும் வீழ்ந்தன.

பின்விளைவு உடனே முழுமையாக வந்துவிடவில்லை. மிசிசிப்பி 1890இலும், தென் கரோலினா 1895இலும், லூயிசியானா 1898இலும் புதிய அரசியலமைப்புகளால் கறுப்பின வாக்குரிமையைப் பறித்தன. லூயிசியானாவில் 1896இல் 1,30,000க்கும் மேல் இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு 1904இல் 1,342 ஆகச் சுருங்கியது. தேர்வாளர் குழுவின் கணக்கு இங்கு மேலும் கொடூரமானது. அடிமை முறை இருந்தபோது அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கே பிரதிநிதித்துவக் கணக்கில் சேர்ந்தது. விடுதலைக்குப் பின் முழு எண்ணிக்கையும் சேர்ந்தது. வாக்களிக்க முடியாத அம்மக்களின் பெயரால் கிடைத்த கூடுதல் தேர்வாளர்களை அவர்களை ஒடுக்கியவர்களே பயன்படுத்தினர். அத்தகைய மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தைக் குறைக்க 14ஆம் திருத்தத்தின் இரண்டாம் பிரிவு வழிசெய்திருந்தது. அது ஒருமுறைகூட நடைமுறைப்படுத்தப்படவில்லை.

எண்ணும் முறைக்குச் சட்டம் வர மேலும் பத்தாண்டு ஆனது. 1887ஆம் ஆண்டின் தேர்வாளர் எண்ணிக்கைச் சட்டம், தேர்வாளர்கள் கூடும் நாளுக்கு ஆறு நாட்களுக்கு முன்பே தகராறுகளைத் தீர்த்துக்கொள்ளும் மாநிலத்தின் முடிவை நாடாளுமன்றம் ஏற்கும் என்றது. சபைகள் முரண்பட்டால் ஆளுநரின் சான்று பெற்றதே செல்லும். நடை அவ்வளவு சுற்றிவளைந்தது. ஒரே வாக்கியம் பல வரிகள் ஓடும்.

1960இல் ஹவாயில் நிக்சன் 141 வாக்குகளில் வென்றதாக முதலில் அறிவிக்கப்பட்டது. மறு எண்ணிக்கையில் கென்னடி 115 வாக்குகளில் வென்றார். அதற்குள் இரு தரப்புத் தேர்வாளர்களும் வாக்களித்திருந்தனர். துணை அதிபர் என்ற முறையில் கூட்டத்துக்குத் தலைமை வகித்த நிக்சன், இதை முன்னுதாரணமாகக் கொள்ள வேண்டாம் என்று சொல்லி எதிரியின் சான்றிதழையே எண்ணவைத்தார். முடிவு எப்படியும் மாறாது என்பதால் பெருந்தன்மை எளிதாயிற்று. 2000இல் அப்படியில்லை. ஃபுளோரிடாவின் 25 தேர்வாளர்களே அதிபரைத் தீர்மானிப்பவர்கள். வித்தியாசம் 537 வாக்குகள். மறு எண்ணிக்கையை உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று நிறுத்திய டிசம்பர் 12, அந்த 1887 சட்டத்தின் ஆறு நாள் கெடு முடியும் நாள். 2001 ஜனவரி 6 அன்று, ஃபுளோரிடாவில் கறுப்பின வாக்காளர்கள் அலைக்கழிக்கப்பட்டனர் என்று கறுப்பின உறுப்பினர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து ஆட்சேபித்தனர். ஒரு செனட்டரின் கையொப்பமும் இல்லாததால் ஆட்சேபங்களைத் தள்ளுபடி செய்தவர், தோற்ற வேட்பாளரும் அவையின் தலைவருமான அல் கோர்.

2021 ஜனவரி 6இல், ஏழு மாநிலங்களிலிருந்து ஆளுநர் சான்றில்லாத மாற்றுத் தாள்கள் வந்திருந்த நிலையில், துணை அதிபரே வாக்குகளை ஒதுக்கலாம் என்ற வாதம் மறுபடி எழுந்தது. மைக் பென்ஸ் அதை ஏற்கவில்லை. 2022 டிசம்பரில் வந்த திருத்தச் சட்டம், துணை அதிபரின் பணி சடங்கு முறையானது மட்டுமே என்று எழுதிவைத்தது. ஆட்சேபத்துக்கு இனி ஒவ்வொரு சபையிலும் ஐந்தில் ஒரு பங்கினரின் ஆதரவு வேண்டும். ஆளுநரின் சான்றிதழை எதிர்க்கும் வேட்பாளர் கூட்டாட்சி நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வை அணுகலாம். அங்கிருந்து மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்துக்குச் செல்லும்.