ஓவிய மன்னர் இரவிவர்மா

வெண்சேலை உடுத்து, வீணை ஏந்தி, அருகே மயில் நிற்க வீற்றிருக்கும் கலைமகளின் படத்தை எம்முட் காணாதார் இலர். நவராத்திரியிலே நாம் மாலையிட்டு வணங்கும் அக்கோலத்தை எம் கண்களுக்குப் பழக்கியவர் திருவிதாங்கூர் தந்த இராஜா இரவிவர்மா.

அவர் 1848 ஏப்ரல் 29ஆந் திகதி கிளிமானூரிலே பிறந்தார். சிறுவயதிற் சுவரெங்கும் கரியாற் கிறுக்குவாராம். மற்றவர் சினப்ப, சித்திரம் வல்ல தாய்மாமன் இராஜராஜவர்மர் அக்கிறுக்கலிலே கலையைக் கண்டார். பதினான்காம் வயதில் மருகரைத் திருவனந்தபுரம் அழைத்துச் சென்று, ஆயிலியம் திருநாள் மகாராசாவின் ஆதரவைப் பெற்றுக் கொடுத்தார்.

தைலவர்ணம் அக்காலத்தில் இங்கே புதிய வித்தை. அறிந்தோர் எளிதிற் கற்பிப்பதில்லை. 1868இல் அரண்மனைக்கு வந்த தியடோர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும், தாம் தீட்டும்போது அருகிருந்து பார்க்க மாத்திரமே இசைந்தார். பார்த்ததை இளைஞர் தனித்திருந்து பழகினார். ஐந்தே ஆண்டுகளில், கூந்தலில் மலர் சூடும் நாயர் மங்கையின் சித்திரம் வியன்னாக் கண்காட்சியிலே பரிசு பெற்றது. ஏகலைவன் கதை எமக்கு நினைவு வருகிறது. இவர் விரல் தப்பியது!

பின்னர் பரோடா மன்னர் சாயாஜிராவ், இதிகாச புராணக் காட்சிகள் பதினான்கு வேண்டினார். தமயந்திக்கும் சீதைக்கும் எந்நாட்டு உடையை உடுத்துவது? இதனை ஆராயவே இரவிவர்மா தம் தம்பியுடன் வடநாடெங்கும் யாத்திரை செய்தார். ஈற்றிற் சேலையே நிலைத்தது. 1890இல் சித்திரங்கள் நிறைவெய்தின.

அவை அரண்மனைச் சுவரோடு நின்றிருக்கலாம். ஆனால் 1894இல் பம்பாயிலே கல்லச்சுக்கூடம் ஒன்றை அவர் நிறுவினார். வர்ணத்துக்கு ஒரு கல்லாக, யேர்மனிய இயந்திரங்களிற் படங்கள் அச்சாயின. வியாபாரம் அவருக்குக் கைவரவில்லை. கடன் மிகுந்து அச்சகம் சில ஆண்டுகளில் யேர்மனியர் ஒருவர் கைக்கு மாறியது. படங்களோ பெருகிக்கொண்டே இருந்தன.

நிற்க, இவரைக் கடுமையாகக் கண்டித்தோருள் ஒருவர் கொழும்பிலே பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. தெய்வங்கள் நாடகமேடை மாந்தர்போற் காட்சியளிக்கின்றன, சிற்ப மரபின் தெய்வீகம் அங்கில்லை என்பது அவர் கருத்து. சோழர் காலத்து நடராசர் திருமேனியைக் கண்டு வந்தவுடன் இப்படங்களை நோக்குவோர் அதனை மறுத்தல் அரிது. நாமும் மறுக்கவில்லை.

எனினும் ஒன்றை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். இரவிவர்மா 1906 ஒக்டோபர் 2ஆந் திகதி காலமானார். அவர் பிறந்த திருவிதாங்கூரிலே அரசின் ஆலயக் கதவுகள் சகல சாதி இந்துக்களுக்கும் திறக்கப்பட்டது 1936இலே தான். கோபுர வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனும் அதற்கு நாற்பது ஆண்டுகளின் முன்னரே, சில காசு கொடுத்து இலக்குமியின் படத்தை வாங்கித் தன் குடிசையில் மாட்டி, நேர்நின்று விளக்கேற்ற முடிந்தது.