ரத்தத்தைப் பார்க்கப் பயந்த மாணவன்

பேத்தி எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு. இந்தக் கோடை லீவில் வீட்டுக்கு வந்து தூங்குவாள் என்று பார்த்தால், ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-இலிருந்து நடத்தும் திட்டம். ஒரு பேராசிரியரின் கீழ் இரண்டு மாதம் வேலை, முடிவில் ஓர் அறிக்கை, கொஞ்சம் உதவித்தொகை, ஒரு சர்ட்டிபிகேட்.

என் மகனுக்கு இது பிடிக்கவில்லை. "மத்த பிள்ளைங்க எல்லாம் பி.ஜி. கோச்சிங் போகுதுங்க. இவ ரெண்டு மாசத்தில என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறா?" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் தாத்தா புகுந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆனால் முதல் வாரம் முடிந்து வந்தவளே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். "எண்ணிக்கிட்டே இருக்கேன் தாத்தா. ஒரு ஸ்லைடுக்கு ஐந்நூறு அணு. முடிஞ்சதும் அடுத்த ஸ்லைடு." எலும்பு மஜ்ஜையை எடுத்துக் கண்ணாடியில் தடவி, சாயம் போட்டு, அதில் முதிராத இளம் அணுக்கள் நூற்றுக்கு எத்தனை என்று கணக்கெடுக்கிறார்களாம். இருபதைத் தொட்டால் பெரும்பாலும் கடுமையான ரத்தப் புற்றுநோய் என்று முடிவு. பழைய நோயாளிகளின் ஸ்லைடுகளை இவள் மறுபடி எண்ணுகிறாள். அப்பா சொன்னதுதான் சரியோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்போதுதான் அவளுக்கு ஃபூக்கோவின் கதையைச் சொன்னேன். சிறுபத்திரிகைக்காரர்கள் பேசுகிற மிஷல் ஃபூக்கோ இல்லை. இவர் லெயோன் ஃபூக்கோ, 1819-இல் பாரிஸில் பிறந்தவர். பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்கள் தலைமுறைக்கு இவரை மறக்க முடியாது. ஃபிசிக் வாத்தியார் (நாங்கள் முசே என்றுதான் கூப்பிடுவோம்) கரும்பலகையில் ஓர் ஊசலை வரைவார். 1851-இல் பாரிஸ் பாந்தெயோன் மண்டபத்தின் உச்சியிலிருந்து 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு, பூமி சுழல்வதைக் கண்ணாலேயே பார்க்க வைத்தவர். அந்தக் கேள்விக்கு எனக்குப் பாதி மார்க்குதான் கிடைத்தது.

முசே சொல்லாமல் விட்ட ஒரு விஷயம், ரிட்டயர் ஆனபின் பழைய பிரெஞ்சுப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஃபூக்கோ மருத்துவ மாணவராக ஆரம்பித்தவர். கை சுத்தம், நுட்பமான கை. சர்ஜன் ஆக வேண்டும் என்பது வீட்டார் ஆசை. ஆனால் ரத்தத்தைக் கண்டால் ஆகாது. ஆஸ்பத்திரிக்குள் நிற்க முடியாமல் படிப்பை விட்டுவிட்டார்.

அப்படி விட்டவரை அழைத்து வேலை கொடுத்தவர் ஆல்ஃபிரெத் தொனே. (நம் பிரசாதத் தொன்னை அல்ல!) பாரிஸில் மருத்துவ மாணவர்களுக்கு மைக்ராஸ்கோப் வகுப்பு நடத்தியவர். அந்தக் காலத்துப் பெரிய டாக்டர்கள் பலருக்கு மைக்ராஸ்கோப் என்றால் இளப்பம். கண்ணாடியில் தெரிவதெல்லாம் மாயத் தோற்றம் என்பார்கள். ஓவியரை வைத்து வரைந்து காட்டினாலும், உன் ஆள் நீ சொன்னபடி வரைந்திருக்கிறான் என்பார்கள். அதனால் தொனே, மனிதக் கை படாமல் இயற்கையே தன்னைப் பதிந்துகொள்ளட்டும் என்று நினைத்தார். 1839-இல்தான் தகேரின் போட்டோ முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒளி விழுந்து படம் பிடிக்கும் முறை. அந்தத் தகட்டை மைக்ராஸ்கோப்போடு பொருத்தும் வேலை ஃபூக்கோவின் கைக்கு வந்தது. வெளிச்சம் போதாதபோது, கேஸ் தயாரிக்கும் உலையில் படியும் கெட்டிக் கரியைக் கொண்டு நின்று எரியும் மின்வில் விளக்கையும் செய்தார். 1845-இல் தொனேயும் அவரும் சேர்ந்து படத்தொகுதியை வெளியிட்டார்கள். தகட்டுப் படங்களைப் பார்த்துச் செதுக்கி அச்சிட்டவை. அதில் மனித ரத்த அணு, தவளை ரத்த அணு எல்லாம் இருக்கின்றன.

யோசித்துப் பாருங்கள். ரத்தத்துக்குப் பயந்து டாக்டர் படிப்பை விட்ட பையன், ரத்த அணுவின் முதல் போட்டோக்களை எடுத்தவர்களில் ஒருவன். குடம் ரத்தத்தைப் பார்க்க முடியாதவனுக்கு ஒரு சொட்டு போதுமாயிருந்தது.

இதற்கும் புற்றுநோய்க்கும் என்ன என்று பேத்தி கேட்டாள். இருக்கிறது. தொனே 1844-இல் வெளியிட்ட பாடப் புத்தகத்தில், சில நோயாளிகளின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் அளவுக்கு மீறி இருப்பதை எழுதியிருக்கிறார். பாதி ரத்தம் சீழோ என்று மயங்க வைக்கும் அளவுக்கு இருந்ததாம். அவர் சொன்ன காரணம்: வெள்ளணு சிவப்பணுவாக மாற வேண்டும், அந்த மாற்றம் நடுவில் நின்றுபோய்விட்டது. வெள்ளையே சிவப்பாகும் என்பது தவறு. ஆனால் அணுக்கள் முதிராமல் நின்றுபோவதுதான் கோளாறு என்ற ஊகம் இருக்கிறதே, அதைத்தான் பேத்தி இன்றைக்கு ஐந்நூறு ஐந்நூறாக எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

மருத்துவப் படிப்பு முடித்த கையோடு எடின்பரோவிலிருந்து பாரிஸ் வந்து தொனேயிடம் மைக்ராஸ்கோப் பழகியவர் ஜான் ஹியூஸ் பென்னெட். ஊர் திரும்பி, 1841-இல் மாணவர்களுக்கே மைக்ராஸ்கோப் கொடுத்துக் கற்றுத்தர ஆரம்பித்தார். 1845 மார்ச்சில் அவரிடம் வந்தது 28 வயதுக் கூரைத் தொழிலாளி ஒருவரின் உடல். 20 மாதங்களாகச் சோர்வு, இடப்பக்க வயிற்றில் கட்டி. மண்ணீரல் பெருத்துப் போயிருந்தது. ரத்தத்தில் சீழ் என்று எழுதினார். சில வாரம் கழித்து பெர்லினில் 24 வயது விர்ஹோ, அதேபோன்ற இன்னொரு நோயாளியைப் பார்த்துவிட்டு, இது சீழ் இல்லை, ரத்தத்தின் சொந்த வெள்ளணுக்கள்தான் என்றார். 1847-இல் அவர் வைத்த பெயர்தான் லுகேமியா. யார் முதலில் என்று இருவருக்கும் நடந்த சண்டையை இங்கே விட்டுவிடுகிறேன். பென்னெட்டின் பெயர் நிலைக்கவில்லை, அவ்வளவுதான்.

அணுக்களுக்குச் சாயம் போட்டு வகை பிரித்த பால் எர்லிக்கும் அதை மாணவனாக இருந்தபோதே தொடங்கியவர். 1878-இல் அவர் பட்டத்துக்குக் கொடுத்த ஆய்வே சாயங்களைப் பற்றியது. வெள்ளணு அதிகம் என்பதிலிருந்து, எந்த வெள்ளணு அதிகம் என்று கேட்க முடிந்தது அதற்குப் பிறகுதான். இதையும் பேத்தியிடம் சொன்னேன். அது பாடத்தில் வரும் தாத்தா என்றாள்.

அவளிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். 1967-இல் என் தங்கைக்கு ஒன்பது வயது. ஈறில் ரத்தம், உடம்பெல்லாம் நீலத் திட்டு, காய்ச்சல். டாக்டர் விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டைக் கண்ணாடியில் தடவிக்கொண்டு போனார். திரும்பி வந்து அப்பாவிடம் பிரெஞ்சில் ஒரே வார்த்தை சொன்னார்: லுசெமி. அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று என்னைத்தான் கேட்டாள். நானும் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது, பள்ளிக்கூடத்தில் அந்த வார்த்தையைச் சொல்லித் தரவில்லை. ஐந்து வாரத்தில் போய்விட்டாள். இன்றைக்கு அந்த வயதுப் பிள்ளைகளில், நல்ல சிகிச்சை கிடைத்தால், பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி செல்போனில் ஒரு படம் காட்டினாள். ஊதா நிறத்தில் பெரிய பெரிய வட்டங்கள். "இதுதான் தாத்தா, முதிராதது. இந்த ஒண்ணை நான் எண்ணல, மேடம் எண்ணியிருந்தாங்க. மறுபடி பார்த்தோம். நான் சொன்னதுதான் சரின்னாங்க." வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் தானாக அணைந்துவிட்டது. திறந்து மறுபடி கையில் கொடுத்தாள்.

திங்கட்கிழமை எட்டரைக்கு லேப். என் மகன்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டான்.