ஒரே தெரு, மூன்று பெயர்கள் - கொசோவோவின் ரோமா மக்கள்

"நீ யார்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது பெரும்பாலும் எளிது. ஆனால் 1999-ல் கொசோவோவில் இந்தக் கேள்விக்குத் தரும் பதில் ஒருவருடைய வீட்டையே பறித்துவிடக்கூடியதாக இருந்தது.

ரோமா மக்களின் மூதாதையர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து சென்றவர்கள். அவர்களுடைய ரோமானி மொழியில் தண்ணீருக்கு இன்றும் 'பானி' என்றுதான் பெயர். ஜிப்சி என்றாலே நாடோடி என்ற எண்ணம் பலருக்கு உண்டு. கொசோவோவிலோ அவர்களில் பெரும்பாலோர் பல தலைமுறைகளாக ஒரே இடத்தில் வீடு கட்டி வாழ்ந்தவர்கள். மித்ரோவிட்சா நகரில், இபார் ஆற்றின் தென்கரையில் இருந்த 'மஹாலா' என்ற குடியிருப்பில் மட்டும் சுமார் 8,000 பேர் இருந்தார்கள்.

1998-99-ல் செர்பியப் படைகளுக்கும் அல்பேனியர்களுக்கும் போர் நடந்தது. நேட்டோவின் குண்டுவீச்சுக்குப் பிறகு 1999 ஜூனில் செர்பியப் படைகள் வெளியேறின. துரத்தப்பட்ட அல்பேனியர்கள் ஊர் திரும்பினார்கள். ரோமாக்கள் செர்பியர்களுக்குத் துணை போனவர்கள் என்ற பழி எழுந்தது. சிலர் மேல் சொன்ன குற்றச்சாட்டு ஒரு முழு சமூகத்தின் மேல் விழுந்தது. நேட்டோ படைகள் வந்த பிறகும் மஹாலா சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டது.

வீடிழந்தவர்களில் சில நூறு பேரை ஐ.நா. தற்காலிக முகாம்களில் தங்க வைத்தது. அந்த இடங்கள் ட்ரெப்சா ஈயச் சுரங்கத்தின் கழிவு மேடுகளுக்கு அருகில் இருந்தன. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஆபத்தான அளவில் இருப்பது 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் தெரிந்தது. அப்படியும் செஸ்மின் லுக் முகாம் 2010-ல்தான் மூடப்பட்டது. உரிமைகள் மீறப்பட்டதற்கு ஐ.நா. நிர்வாகமே பொறுப்பு, இழப்பீடு தர வேண்டும் என்று அதன் சொந்த ஆலோசனைக் குழுவே 2016-ல் கூறியது. 2017-ல் ஐ.நா. வருத்தம் தெரிவித்து ஒரு பொது நிதியை அறிவித்தது. தனி நபர்களுக்கு இழப்பீடு தரவில்லை.

இந்த நிலையில் பெயரும் ஒரு கேடயம் ஆனது. அல்பேனிய மொழி பேசிய பலர், "நாங்கள் ரோமா அல்ல, அஷ்காலி" என்றார்கள். வேறு சிலர் தங்கள் மூதாதையர் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்றார்கள். எகிப்தியர் என்ற அடையாளத்துக்கான இயக்கம் 1990 வாக்கிலேயே தொடங்கிவிட்டது. அஷ்காலி என்ற பெயர் பரவலாக முன்னுக்கு வந்தது 1999-க்குப் பிறகுதான். வெளியார் கண்ணுக்கு மூவரும் ஒன்றுதான். வடபகுதி சேராத 2011 கணக்கெடுப்பில் அஷ்காலி 15,436, எகிப்தியர் 11,524, ரோமா 8,824 பேர் பதிவானார்கள்.

இதைப் பயத்தில் போட்ட வேஷம் என்று ஒதுக்கிவிட முடியாது. மொழி, திருமண உறவுகள், அக்கம்பக்கம் எல்லாம் சேர்ந்துதான் ஒருவரின் அடையாளம் உருவாகிறது. அவற்றில் எதை முன்னே வைப்பது என்று போர் தீர்மானித்தது, அவ்வளவுதான்.

2008-ல் வந்த அரசியல் சட்டம் இந்த மூன்று சமூகங்களுக்கும் சேர்த்து நாடாளுமன்றத்தில் 4 இடங்களை ஒதுக்கியது. மஹாலாவின் ஒரு பகுதியும் மீண்டும் கட்டப்பட்டு, சில குடும்பங்கள் திரும்பி வந்தன. சட்டம் பெயரை ஏற்றுக்கொண்டுவிட்டது. எந்தப் பெயரைச் சொன்னாலும் பயமில்லாமல் வாழ முடிகிற நாளில்தான் அது உண்மையில் அவர்கள் ஊராகும்.