பின்பால் பெட்டியின் ஆரஞ்சு வெளிச்சம்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அலுவலகத்தில் மேலாளர் அந்தப் பக்கம் போனதும் கணினியில் பின்பால் ஆடியவர்கள் நம்மில் ஏராளம். இரண்டு விரல்கள், இரண்டு துடுப்புகள், ஒரு வெள்ளிக் குண்டு. திரையின் வலது ஓரத்தில் மதிப்பெண் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த விளையாட்டின் அசல், மரத்தாலும் கண்ணாடியாலும் ஆன, இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்கத் திணறும் ஒரு பெட்டி. சாய்ந்த மேசையில் இரும்புக் குண்டு ஓடும். மேசையின் தலைமாட்டில் இன்னொரு பெட்டி நிமிர்ந்து நிற்கும். மதிப்பெண் தெரிவது அந்தத் தலைப்பெட்டியில்தான். இருட்டான விடுதி மூலையில் தூரத்திலிருந்தே ஆளை இழுப்பதும் அதன் வெளிச்சம்தான். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில் அந்த வெளிச்சம் பலமுறை உருமாறியிருக்கிறது.

தொடக்கத்தில் வெளிச்சமே கிடையாது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மாண்டேகு ரெட்கிரேவ் என்பவர் 1871-இல், மேசையில் குண்டை உந்தித் தள்ளச் சுருள்வில் பொருத்திய ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அறுபது ஆண்டுகள் கழித்து, 1931-இல், சிகாகோவின் டேவிட் காட்லீப் 'பாஃபிள் பால்' என்ற பெட்டியை 17.50 டாலருக்கு விற்றார். கடை மேசை மேல் வைக்கிற அளவுதான். பொருளாதாரப் பெருவீழ்ச்சிக் காலம் அது. ஒரு சென்ட் காசுக்குக் கொஞ்ச நேரம் கவலை மறக்கலாம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? குண்டு எந்தக் குழியில் விழுந்ததோ அதன் மதிப்பை ஆடுபவரே மனதுக்குள் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மின்சாரம் 1933-இல் வந்தது. ஹாரி வில்லியம்ஸ் 'காண்டாக்ட்' என்ற பெட்டியில் பேட்டரியை வைத்து, குழியில் விழுந்த குண்டைத் திரும்ப எகிறச் செய்தார். மின்சாரம் உள்ளே வந்தபின் விளக்கு வர நாளாகவில்லை. தலைப்பெட்டியின் கண்ணாடியில் பின்பக்கமாக ஓவியம் அச்சிட்டார்கள். ஓவியத்துக்கு நடுவே ஆயிரம், பத்தாயிரம், இலட்சம் என்று எண்களை வரைந்து, ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு சின்ன பல்பை வைத்தார்கள். நீங்கள் எடுத்த மதிப்பெண்ணுக்கு எந்தெந்த எண்கள் சேருமோ அவை மட்டும் ஒளிரும்.

அந்தச் சின்ன பல்புகளில் சில இன்றும் விற்பனையில் இருக்கின்றன. 44-ஆம் எண், 47-ஆம் எண் என்று எண்ணைச் சொல்லியே கேட்டு வாங்குவார்கள். இரண்டுமே 6.3 வோல்ட். முன்னது கால் ஆம்பியர் இழுக்கும், பின்னது 0.15 ஆம்பியர். ஒன்றை மட்டும் பார்த்தால் அற்பம். ஆனால் ஒரு பெட்டியில் நூறு பல்பு மணிக்கணக்கில் எரிந்தால் உள்ளே அடுப்பு மாதிரிச் சூடேறும். அந்தச் சூட்டில் கண்ணாடியின் பின்பக்க வண்ணம் உரிந்து செதில் செதிலாக உதிர்ந்தது. கனெக்டர்கள் கருகின. ராய் பார்க்கர் போன்ற ஓவியர்கள் வரைந்த எத்தனையோ கண்ணாடிகள் சிதைந்ததில், அவற்றை அழகாகக் காட்டவென்று வைத்த பல்புகளுக்கே பெரும் பங்கு உண்டு.

1953-இல் வில்லியம்ஸ் நிறுவனத்தின் 'ஆர்மி நேவி' பெட்டியில் எண் உருளைகள் வந்தன. பழைய கார்களின் கிலோமீட்டர் மானி போல உருளை சுழன்று எண் மாறும். அடுத்த ஆண்டே காட்லீப் நிறுவனம் 'சூப்பர் ஜம்போ'வில் நான்கு பேர் மாறி மாறி ஆட வழி செய்தது. மணி அடிக்க, உருளை கடகடவென்று சுழல, மதிப்பெண் ஏறுவது காதுக்கும் விருந்தானது. கால் நூற்றாண்டுக்கு அந்த உருளையை யாரும் அசைக்க முடியவில்லை. இத்தனைக்கும் நியூயார்க் நகரில் பின்பால் தடை செய்யப்பட்டிருந்த காலம் அது. சூதாட்டம் என்று சொல்லி மேயர் லா கார்டியா 1942-இல் பெட்டிகளைச் சம்மட்டியால் உடைக்க வைத்தார். தடை நீங்கியது 1976-இல்தான்.

தடை நீங்கிய அடுத்த ஆண்டே தலைப்பெட்டி தலைகீழாக மாறியது. 1977-இல் பாலி, வில்லியம்ஸ், காட்லீப் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் நுண்செயலி வைத்த பெட்டிகளைக் கடைக்கு அனுப்பின. அந்த ஆண்டு வந்த பாலியின் 'எய்ட் பால்' மட்டும் 20,230 பெட்டிகள் விற்றது. சுழலும் உருளை போய், ஒளிரும் எண் வந்தது. பாலியும் வில்லியம்ஸும் நம்பியது பிளாஸ்மாத் திரையை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே நியான் வாயுவை அடைத்து, எண் வடிவில் உலோகக் கோடுகளை வைத்து, உயர் மின்னழுத்தம் கொடுத்தால் அந்தக் கோட்டை ஒட்டிய வாயு ஆரஞ்சு நிறத்தில் கனலும். பாலி பெட்டிகளில் அந்த அழுத்தம் 190 வோல்ட் வரை போகும். காட்லீப் மட்டும் வேறு வழியில் போய், நீலப்பச்சையாக ஒளிரும் வெற்றிடக் குழல்களை வாங்கிப் பொருத்தியது. வெளிச்சத்தைப் பார்த்தே அந்தக் காலத்துப் பெட்டி யாருடையது என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

இந்த ஆரஞ்சை யாரும் அழகு கருதித் தேர்ந்தெடுக்கவில்லை. நியான் தரும் நிறம் அது, அவ்வளவுதான். எல்.இ.டி. அப்போதே இருந்தது. நிக் ஹோலோன்யாக் 1962-இலேயே சிவப்பு எல்.இ.டி.யை ஒளிர வைத்துக் காட்டிவிட்டார். ஆனால் பெரிய எண்ணை, அறைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கும் தெரிகிற பிரகாசத்தில், கட்டுபடியாகும் விலையில் தர அன்று நியானுக்கு நிகரில்லை.

1991-இல் எண்கள் போய்ப் புள்ளிகள் வந்தன. டேட்டா ஈஸ்ட் நிறுவனத்தின் 'செக்பாயிண்ட்' பெட்டியில் முதலில் பாதி உயரத் திரை வந்தது. பின், அதே ஆண்டில், 'கில்லிகன்ஸ் ஐலண்ட்', 'டெர்மினேட்டர் 2' ஆகியவற்றில் 128-க்கு 32 புள்ளிகள் கொண்ட திரை. மொத்தம் 4,096 புள்ளிகள். வில்லியம்ஸ், பாலி பெட்டிகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் இருட்டையும் சேர்த்து நான்கே நிலைகள். இன்றைய கைபேசியில் ஒரு சின்னப் படக்குறியில் இருக்கும் புள்ளிகள்கூட அதில் இல்லை. அதற்குள்தான் வெடிப்பும் துரத்தலும் சிரிப்பும் பயமும் வரையப்பட்டன. 1992-இல் பேட் லாலர் வடிவமைத்த 'தி ஆடம்ஸ் ஃபேமிலி'யின் புள்ளிச் சித்திரங்களை ஸ்காட் ஸ்லோமியானி வரைந்தார். பெட்டி 20,270 விற்றது. பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய 'எய்ட் பால்' கணக்கை நாற்பதே பெட்டிகளில் முந்தியது.

ஆனால் பிளாஸ்மாத் திரைக்கு ஆயுள் உண்டு. கனன்று கனன்று உள்ளிருக்கும் உலோகம் அரிக்கப்படும். காலப்போக்கில் அடைத்த வாயுவின் தன்மை கெடும். முதலில் ஓரங்கள் மங்கும். பிறகு வரி வரியாகக் கறுப்பு விழும். 8 என்ற எண் பாதி கரைந்து 3 போலத் தெரியும். இதில் பலர் அறியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. சாகப்போகிற திரை தான் மட்டும் சாவதில்லை. உயர் மின்னழுத்தத்தைத் தரும் பலகையை அளவுக்கு மீறி இழுத்துச் சூடேற்றி, அதையும் கூட்டிக்கொண்டு போய்விடும். பழுது பார்ப்பவர்கள் திரையை மாற்றச் சொல்வது மதிப்பெண் தெரியாததால் மட்டுமல்ல, பலகையைக் காப்பாற்றுவதற்காகவும்தான்.

பழுதான திரையை விடுங்கள். நன்றாக ஒளிரும் ஆரஞ்சே சலித்துப்போனவர்களும் இருந்தார்கள். அவர்கள் முதலில் கையில் எடுத்தது நம் நாடக மேடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை: ஜெலட்டின் பேப்பர். மேடை விளக்கின் முன் கட்டும் வண்ணத்தாளை வெட்டித் திரைக்கு முன்னால் செருகிப் பார்த்தார்கள். சிவப்புத் தாள் வைத்தால் ஆழ்ந்த சிவப்பு கிடைத்தது. நீலத் தாள் வைத்தால் ஏறக்குறைய ஒன்றுமே தெரியவில்லை. காரணம் எளிது. வண்ணத்தாள் எந்த நிறத்தையும் புதிதாகச் சேர்ப்பதில்லை, உள்ளதில் தனக்கு வேண்டாததைத் தடுத்து மிச்சத்தை விடுகிறது. நியான் ஒளி பெரும்பாலும் ஆரஞ்சும் சிவப்புமே. அதில் இல்லாத நீலத்தை எந்தத் தாளும் தர முடியாது. காட்லீப்பின் நீலப்பச்சைக் குழலில் அந்தப் பக்கத்து நிறங்கள் பரவலாக இருப்பதால், அங்கே பச்சைத் தாளும் நீலத் தாளும் வேலை செய்தன.

நீலத்துக்கு ஜப்பானிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. 1993-இல் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கினார். நீல எல்.இ.டி. மேல் மஞ்சளாக ஒளிரும் பொடியைப் பூசினால் வெள்ளை. அகாசாகி, அமானோ ஆகியோருடன் அவர் 2014-இல் நோபல் பரிசு பெற்றது அந்த நீல எல்.இ.டி.க்காகத்தான். அதன்பின் பழைய பெட்டிகளின் அளவுக்கே செய்த எல்.இ.டி. எண் பலகைகள் பல நிறங்களில் வந்தன. பழைய கண்ணாடித் திரையைக் கழற்றிவிட்டு அதே கனெக்டரில் செருகினால் போதும். ஒளிர்வதற்கு 190 வோல்ட் வேண்டியதில்லை. உயர் மின்னழுத்தப் பகுதியின் ஃபியூஸை எடுத்துவிட்டு அதற்கு நிரந்தர ஓய்வு கொடுத்தவர்கள் உண்டு.

எல்.இ.டி. வந்துவிட்டதே, இனி ஜெலட்டின் பேப்பர் எதற்கு என்று தோன்றலாம். உண்மையில் அதன் அருமை தெரிந்ததே அப்போதுதான். எல்.இ.டி. எண்ணில் ஒளிராத கோடுகளும் வெள்ளையாகவோ சாம்பலாகவோ கண்ணுக்குத் தெரியும். அறை வெளிச்சம் பட்டால் எல்லா எண்களுக்குப் பின்னும் ஒரு மங்கலான 8 நிற்கும். பார்க்க மலிவாக இருக்கும். எல்.இ.டி.யின் நிறத்திலேயே ஒரு தாளை முன்னால் வையுங்கள். அறை வெளிச்சம் அந்தத் தாளை உள்ளே போகும்போது ஒருமுறை, எதிரொளித்துத் திரும்பும்போது ஒருமுறை என இரண்டு தடவை தாண்ட வேண்டும். எல்.இ.டி. ஒளி ஒரே தடவைதான் தாண்டுகிறது, அதுவும் தன் நிறத் தாளை. ஒளிராத கோடுகள் இருளில் மறைந்து, ஒளிரும் எண் மட்டும் துல்லியமாக நிற்கும். சில ரூபாய் பெறாத ஒரு தாள் செய்கிற வேலை இது. பலகைக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் பாதி வேலையைத்தான் முடித்திருக்கிறார்கள்.

வெள்ளை எல்.இ.டி. வாங்கித் தாளை மாற்றி மாற்றி எந்த நிறமும் பெறலாம் என்பதும் முழு உண்மையல்ல. நீலத்திலிருந்து பிறந்த வெள்ளையில் சிவப்பு குறைவு. சிவப்புத் தாளுக்குப் பின்னால் அது சோர்ந்துவிடும். சிவப்பு வேண்டுமென்றால் சிவப்பு எல்.இ.டி.யே வாங்குவது நல்லது. மேசையில் பதித்த வண்ண வில்லைகளுக்கு அடியிலும் இதே கணக்குதான்.

மேசை அடியில் எல்.இ.டி. இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்தது. பழைய பல்பின் இழை சூடானால் சட்டென்று ஆறாது. மாறுமின்சாரம் நொடிக்கு எத்தனையோ முறை பூஜ்யத்தைத் தொட்டாலும் ஒளி சீராகத் தெரியும். அணைந்தாலும் மெதுவாகத்தான் அணையும். எல்.இ.டி.க்கு அந்தப் பொறுமை இல்லை. மின்சாரம் துடித்தால் அதுவும் துடிக்கும். வேகமாக ஓடும் குண்டு, விட்டுவிட்டுத் தெரியும் பல குண்டுகளாகக் கண்ணில் படும். கம்பியில் கசியும் அற்ப மின்சாரத்துக்கும் எல்.இ.டி. பேய்போல லேசாக ஒளிரும். இதைச் சரிக்கட்டவே தனிப் பலகைகள் செய்தார்கள். பழைய பல்பின் சோம்பல்தான் அந்த விளையாட்டுக்கு இதம் தந்தது என்பது அதை இழந்த பிறகே புரிந்தது.

1999 அக்டோபரில் வில்லியம்ஸ் பின்பால் தயாரிப்பை மூடியது. அதன்பின் பல ஆண்டுகள் பெரிய அளவில் பெட்டி செய்தது சிகாகோ வட்டாரத்து ஸ்டெர்ன் நிறுவனம் மட்டுமே. பழைய பெட்டிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. கடைக்காரருக்குக் காசு ஈட்டிய பொருள், பேணிக் காக்கும் பொருளாக மாறியது. 4,096 புள்ளிக்கும் நிறம் தரும் மாற்றுத் திரைகள் வந்தது அந்த வீடுகளுக்காகத்தான். பழைய பெட்டி அனுப்புவது வெறும் மங்கல், பிரகாசம் என்ற செய்தி மட்டுமே. எந்தப் புள்ளி தோல், எது நெருப்பு, எது இரத்தம் என்று அதற்குத் தெரியாது. ஆர்வலர்கள் ஒவ்வொரு காட்சியாக உட்கார்ந்து நிறம் தீட்டினார்கள். ஒரு பெட்டிக்கே ஆயிரக்கணக்கில் படங்கள். வேறொருவர் வரைந்த ஓவியத்தின் மேல் அவர்கள் வைத்த அக்கறை சாதாரணமானதல்ல.

புதுப் பெட்டிகளோ வேறு திசையில் போய்விட்டன. 2013-இல் ஜெர்சி ஜாக் நிறுவனம் 'விசார்ட் ஆஃப் ஆஸ்' பெட்டியில் பெரிய எல்.சி.டி. திரையையே வைத்தது. 2016-இல் ஸ்டெர்னும் புள்ளியை விட்டு எல்.சி.டி.க்கு வந்தது. பழைய பெட்டியைப் பழைய பெட்டியாகவே வைத்திருக்கும் பொறுப்பு முழுவதும் வைத்திருப்பவர் கையில் வந்துவிட்டது.

அதனால் எது சரியான மாற்றம் என்ற சண்டை ஓய்வதில்லை. மங்கிப்போன நியானை எரியவிட்டுப் பலகையைச் சாகடிப்பதில் விசுவாசம் ஒன்றுமில்லை. அதே சமயம், மாற்றுகிறோம் என்று கம்பியை வெட்டுவதும் கனெக்டரைப் பிடுங்குவதும் சேதம்தான். கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய மாற்றமே நல்ல மாற்றம். அந்தக் கணக்கில் எல்.இ.டி. பலகையும் ஜெலட்டின் பேப்பரும் தேறிவிடுகின்றன. ஆரஞ்சு எல்.இ.டி.யைப் போட்டு அந்தப் பழைய கனலை ஒட்டியே போனவர்களும் நிறைய. ஸ்லோமியானி போன்றவர்கள் அந்த ஒரே நிறத்தின் நான்கு நிலைகளை மனதில் வைத்து வரைந்தவர்கள். ஆடம்ஸ் குடும்பத்துக்கு ஆரஞ்சே பொருந்தும். கழற்றிய பழைய திரையையும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். அடுத்து வருபவருக்கு அசல் எதுவென்று தெரியும்.

சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் அலமேடா ஊரில் பசிபிக் பின்பால் அருங்காட்சியகம் இருக்கிறது. பல்பு, உருளை, நியான், புள்ளி எல்லாம் அங்கே காலவரிசையில் உண்டு. ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டால் காசு போடாமலே ஆடலாம்.