வாசிக்கத் தெரியாத ஏடு

மோசடிக்காரனின் கெட்டித்தனத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஏமாந்தவர்களின் தேவையைப் பற்றிப் பேசுவது குறைவு. நான் வாழும் பலெர்மோ நகரின் பழைய மோசடியொன்று இந்த இரண்டாவது விடயத்தையே முன்னே கொண்டுவருகிறது.

1782 டிசெம்பரில் புயலில் அகப்பட்ட மொரோக்கோத் தூதுவர் ஒருவர் பலெர்மோவில் கரையொதுங்கினார். அவருக்கு மொழிபெயர்க்கக் கிடைத்தவர் யுசெப்பே வெல்லா என்ற மால்ட்டாப் பாதிரியார். அரபுக்கு உறவான மால்ட்டீஸ் அவரது தாய்மொழி. அரபு வாசிப்போ சொற்பம். சான் மார்ட்டினோ மடத்திலிருந்த அரபு ஏடொன்றைத் தூதுவர் பார்வையிட்டார். அது நபிகள் நாயகத்தின் வரலாறு. தூதுவர் போனபின், அரபியர் ஆண்ட சிசிலியின் ஆவணத் தொகுப்பே அதுவென்றார் வெல்லா. மறுத்துரைக்க நகரில் ஆளில்லை. அகதி விசாரணையில் மொழிபெயர்ப்பாளரின் வாயைப் பார்த்திருந்த நமக்கு அந்த அதிகாரம் எத்தகையதென்று தெரியும்.

பேராயர் அய்ரோல்டியின் ஆதரவில் 1789 முதல் அந்த 'மொழிபெயர்ப்பு' தொகுதி தொகுதியாக வெளிவந்தது. வெல்லாவுக்கு அரபுப் பேராசிரியர் பதவியும் கிடைத்தது. பிறர் வாசித்துவிடாதிருக்க மூல ஏட்டின் எழுத்துகளை அவர் சிதைத்தார். 1793இல் 'எகிப்திய மன்றத்தின் நூல்' வந்தது. சிசிலியின் நோர்மன் ஆட்சியாளரும் எகிப்தின் பாத்திமியக் கலீபாக்களும் எழுதிக்கொண்ட கடிதங்களாம். பிரபுக்கள் தமதென்று கொண்டாடிய உரிமைகள் பல மன்னருக்கே உரியவை என்று அவை 'நிரூபித்தன'. பிரபுக்களின் பிடியைத் தளர்த்த முயன்றுகொண்டிருந்த நேப்பிள்ஸ் அரசுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பேராயருக்குத் தொலைந்த காலத்தின் பெருமை, அரசுக்கு நிலம். அவரவர் கேட்க விரும்பியதையே வெல்லா வாசித்துக் காட்டினார்.

ரொசாரியோ கிரெகோரியோ என்ற உள்ளூர் மதகுரு, வெல்லாவைச் சந்தேகித்து, தானே அரபு படித்தார்; 1790இல் சிசிலி பற்றிய உண்மையான அரபு மூலங்களைத் தொகுத்து வெளியிட்டார். 1794இல் மன்னர் அனுப்பிய ஹாகர் என்ற அறிஞர் ஏட்டை ஆராய்ந்து மோசடியை அம்பலப்படுத்தினார். 1796இல் வெல்லாவுக்கு 15 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

பிரபுக்களின் உரிமைகள் அநீதியானவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் 1812இல் சிசிலியப் பாராளுமன்றம் பிரபுத்துவத்தை ஒழித்தபோது எகிப்திலிருந்து எந்தக் கடிதமும் தேவைப்படவில்லை.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. விரிவுரையாளனாயிருந்த நாட்களில் குமரிக்கண்டத்தை நிறுவப்பட்ட வரலாறாகவே வகுப்பில் சொன்னேன். லெமூர் விலங்குகளின் பரவலை விளக்க 1864இல் ஸ்கிளேட்டர் முன்வைத்த ஊகத்தை அதற்குச் சான்றாகவும் காட்டினேன். கண்டப்பெயர்ச்சிக் கொள்கை அந்த ஊகத்தைத் தேவையற்றதாக்கிவிட்டதை நான் தேடி அறியவில்லை. என்னை எவரும் ஏமாற்றவில்லை; எனக்கு அது வேண்டியிருந்தது.

மகாவம்சத்தைக் காட்டி நிலம் கேட்போருக்கு எதிராக நமக்கும் ஒரு பழமை வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் பொய்ச் சான்று பிடிபடும் நாளில் அதனோடு கட்டிய நியாயமும் சேர்ந்தே சந்தேகத்துக்குள்ளாகும். வாழ்ந்த மண்ணில் சமமாக வாழக் கேட்பவர்களுக்கு மூழ்கிய கண்டம் எதற்கு?