கட்டையில் எவ்வளவு மிச்சம்?

பேரன் என் கம்ப்யூட்டரில் ஒரு குட்டி மென்பொருள் போட்டுக் கொடுத்தான். திரையின் மூலையில் மவுஸ் பேட்டரி 40 சதவீதம் என்று காட்டுகிறது.

எங்கள் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கு எவரெடி ஆலை 1952இல் வந்தது. அப்போது நேஷனல் கார்பன் கம்பெனி. 1959இல் பெயர் யூனியன் கார்பைடு ஆனது. ஆமாம், போபால் கம்பெனியேதான். என் மாணவர்கள் சிலரின் அப்பாக்களுக்கு அங்கே வேலை. அந்தச் சிவப்புக் கட்டை தன் மிச்சத்தைச் சொல்லாது. டார்ச் மஞ்சளாக எரிந்தால் எடுத்து வெயிலில் வைப்போம். சூட்டில் ரசாயன வினை சற்று வேகமெடுக்கும், அவ்வளவே.

இந்த 40-உம் பெரும்பாலும் ஊகம்தான். 1.5 வோல்ட் எவ்வளவு இறங்கியது என்று பார்த்துச் சொல்வது. ரீசார்ஜ் கட்டைக்கோ 1.2 வோல்ட்தான், முழு சார்ஜிலும் குறைவாகக் காட்டலாம். நேற்று ஒன்றைக் குப்பையில் போடப் போனேன். பேரன் பிடுங்கிக்கொண்டான்.