தீயும் காந்தமும்

நோயைச் சுட்டுத் தீர்த்தல் நம் வைத்தியத்திற்குப் புதிதன்று. சுசுருத சங்கிதையிற் சூத்திரஸ்தானத்தின் 12ஆம் அத்தியாயம் அக்கினி கர்மத்துக்கென்றே அமைந்தது. மருந்தாலும் ஆயுதத்தாலும் காரத்தாலும் தீராத பிணி தீயால் தீரும் என்பது அதன் துணிபு. உடலில் தைத்த இரும்பைக் காந்தத்தால் ஈர்த்தெடுக்கும் முறையையும் அந்நூலே கூறுகின்றது. தீயும் காந்தமும் ஒரே நூலில் இருந்தன. ஆயினும் அவை அங்கே ஒன்றுசேரவில்லை.

ஆழத்திலுள்ள கட்டியைச் சுடப் புகுந்தால் வழியிலுள்ள நல்ல தசையும் கருகும். பழைய முறையின் எல்லை அதுவே. 1866இல் ஜேர்மனியச் சத்திர வைத்தியர் புஷ், கடுங்காய்ச்சல் கண்ட ஒரு நோயாளியின் முகத்துப் புற்று மறைந்ததை எழுதினார். காய்ச்சலளவு வெப்பமே புற்றை வாட்டுமோ என்ற கேள்வி அறிஞரிடையே வளர்ந்தது. அவ்வெப்பத்தைக் கட்டிக்குள் மட்டும் உண்டாக்குவது எப்படி?

1957இல் அமெரிக்காவிலே கில்கிறிஸ்ற் குழுவினர் இதற்கு வழி காட்டினர். இரும்பு ஒக்சைட்டின் மிக நுண்ணிய துகள்களை நிணநீர்க் கணுக்களிற் சேரச் செய்து, வெளியிலிருந்து ஆடலோட்டக் காந்தப்புலத்தைச் செலுத்தினர். புலத்தின் திசை செக்கனுக்கு இலட்சக்கணக்கான முறை மாறும்போது துகளின் காந்தத்தன்மையும் அதனைத் தொடர்ந்து புரள முயல்கின்றது. அம்முயற்சியிற் செலவாகும் சக்தி சூடாகிறது. துகள் இருக்கும் இடமே சுடும். சுற்றுப்புறம் பெரிதும் தப்பும்.

பின்னர் பேர்லினில் அந்திரேயாஸ் ஜோர்டான் குழுவினர் இதனை மூளைக் கட்டிக்குப் பயன்படுத்தினர். 2010இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. 2011இல் 59 நோயாளரின் முடிவுகள் வெளிவந்தன. கதிர்ச் சிகிச்சையுடன் சேர்த்தே இது அளிக்கப்பட்டது. ஒப்பிடுவதற்கு வேறொரு குழு வைக்கப்படவில்லை. துகள்கள் மூளையில் தங்குவதாற் பின்னர் காந்த அதிர்வுப் படம் எடுப்பதும் தடைப்பட்டது. தமிழ்நாட்டிலே கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையத்தாரும் காந்தத் திரவங்களின் வெப்பத்தை ஆராய்ந்துள்ளனர்.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? எல்லாம் முன்னோர் அறிந்தவையே என மேடையில் முழங்குதல் எளிது. ஆனால், பிணத்தை நீரிலிட்டு, உறுப்புக்களை ஒவ்வொன்றாகக் கண்ணாற் கண்டு கற்கும்படி மாணாக்கரைப் பணித்தவர் சுசுருதர். நூலறிவோடு கண்டறிவும் வேண்டும் என்ற அவருக்கு, ஆராயாத புகழ்ச்சி பெருமை தராது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விஞ்ஞானம் பயிலும் நம் இளைஞர் அவர் வழியிலே ஆராய்ச்சிக்கூடம் புகுதல் வேண்டும். மூத்தோருக்கும் ஒன்று: உடலிற் கட்டியைக் கண்டாற் சூட்டுக்கோலையோ, காந்த வளையலையோ நம்பி நாள் கடத்தாது, உடனே வைத்தியரிடம் காட்டி, அவர் சொன்னால் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.